அமெரிக்க இலக்கியத்தில் இனமும் அதிகாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க இலக்கியம் நடத்தும் வகுப்புகளிலும் வாசகர் கூட்டங்களிலும் ஒரே சந்தேகங்கள் ஆண்டுதோறும் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், வம்பானவை பிறகு. படிக்கும்போது ஒன்றைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். இந்தப் புத்தகங்களில் சாட்டைக்குக் குறையாமல் காகிதம் வருகிறது: அனுமதிச்சீட்டு, உயில், நற்சான்று, கடிதம், நூலக அட்டை. எழுதியது யார், சுமப்பது யார் என்று பார்த்தாலே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

வெள்ளையர்கள் கறுப்பர்களை வெறுத்தார்கள், அவ்வளவுதானே? அதிகாரம், கட்டுப்பாடு என்று பெரிய வார்த்தைகள் எதற்கு?

வெறும் வெறுப்பு என்றால் சட்டம் தேவைப்பட்டிருக்காது. 1662-ல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் போட்டார்கள்: குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. ஆங்கிலேயர் வழக்கப்படி பிள்ளைக்கு அப்பா வழியில்தான் பெயரும் சொத்தும் வரும். அதைத் தலைகீழாக்கியதால், அடிமைப் பெண்ணிடம் எஜமானுக்குப் பிறந்த பிள்ளையும் எஜமானின் சொத்துக் கணக்கிலேயே சேர்ந்தது. அடிமையாகப் பிறந்து தப்பியோடிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-ல் எழுதிய தன்வரலாற்றின் முதல் பக்கங்களிலேயே இந்த விஷயம் வருகிறது. தன் தந்தை வெள்ளையர், அது எஜமானே என்று ஊரில் பேச்சு இருந்தது என்கிறார்.

வெறுப்பே இல்லாத இடத்திலும் இந்த அதிகாரம் வேலை செய்யும் என்பதற்கு அதே புத்தகத்தில் சோஃபியா ஆல்ட் இருக்கிறார். பால்டிமோரில் டக்ளஸ் வேலைக்குப் போன வீட்டின் அம்மா. அதற்கு முன் அடிமை வைத்துப் பழகாதவர். சிறுவனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். கணவர் தடுத்தார். சில காலத்தில் அதே அம்மாவே டக்ளஸ் கையில் செய்தித்தாளைக் கண்டால் ஆத்திரத்தோடு ஓடிவந்து பிடுங்கும் அளவுக்கு மாறிப்போனார். கெட்ட மனம் படைத்தவர்களின் கதையாக மட்டும் இதைப் படித்தால் சோஃபியாவைப் புரிந்துகொள்ளவே முடியாது.

ஓர் அடிமை படித்தால் என்ன குடிமுழுகிவிடும்? ஏன் அவ்வளவு பயம்?

தென் கரோலினாவின் 1740-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைத்தான் தடை செய்தது. வாசிப்பைப் பற்றி அதில் பேச்சில்லை. பைபிள் வாசிக்கட்டும், போனால் போகிறது. ஆனால் எழுதத் தெரிந்தவன் அனுமதிச்சீட்டு எழுதிக்கொள்வான். அடிமை ஒருவர் தோட்டத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்க எஜமான் எழுதிய சீட்டு வேண்டும். அந்தச் சீட்டைப் பரிசோதிக்கவே இரவு ரோந்துக்காரர்கள் இருந்தார்கள். 1829-ல் பாஸ்டனில் பழைய துணி விற்றுவந்த டேவிட் வாக்கர் என்ற கறுப்பர் அடிமைகளைக் கிளர்ந்தெழச் சொல்லி ஒரு சிறுநூல் அச்சிட்டார். அது தெற்கத்தித் துறைமுகங்களில் நுழைந்த பிறகு, வாசிப்பும் ஆபத்து என்று பல மாநிலங்கள் முடிவுக்கு வந்தன.

டக்ளஸ் 1836-ல் நண்பர்களோடு தப்பத் திட்டமிட்டபோது செய்த ஒரு காரியம், எல்லாருக்கும் சீட்டு எழுதியது. ஈஸ்டர் விடுமுறைக்குப் பால்டிமோர் போக அனுமதி என்று எஜமான் பெயரில் கையெழுத்து. காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார்கள். டக்ளஸ் தன் சீட்டை அடுப்பில் போட்டுவிட்டார். வழியில் ஹென்றி என்ற நண்பர், "என்னுடையதை என்ன செய்ய?" என்று கேட்க, ரொட்டியோடு சேர்த்துத் தின்றுவிடச் சொன்னார். சாட்சியம் வயிற்றுக்குள் போய்விட்டது. இந்த இடத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேறொரு நாவலில் இன்னொருவர் ஒரு காகிதத்தைத் தின்னப்போகிறார்.

அடிமைகளின் தன்வரலாறுகளில் "தாமே எழுதியது" என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்களே. புத்தகத்தை வேறு யார் எழுதுவார்?

நம்ப மாட்டார்கள் என்பதால்தான் அச்சிட்டார்கள். 1761-ல் ஏழெட்டு வயதுச் சிறுமியாக ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டனில் இறக்கி விற்கப்பட்டவர் ஃபிலிஸ் வீட்லி. ஃபிலிஸ் என்பது அவரைக் கொண்டுவந்த கப்பலின் பெயர், வீட்லி என்பது வாங்கிய குடும்பத்தின் பெயர். இருபது வயதை ஒட்டி அவருடைய கவிதைத் தொகுப்பு வெளியானது. பாஸ்டனில் போதிய ஆதரவு கிடைக்காமல் 1773-ல் லண்டனில் அச்சானது. உள்ளே ஒரு நற்சான்று: இந்தக் கவிதைகளை இந்தப் பெண்ணே எழுதினார் என்று நம்புகிறோம். கீழே 18 பேர் பெயர். மாசசூசெட்ஸ் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன், மூன்று ஆண்டுகளில் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திடப்போகிற ஜான் ஹான்காக், ஃபிலிஸின் எஜமான் என எல்லாரும் உண்டு. எஜமான் தன் சொத்துக்குத் தானே சான்று தருகிறார். இத்தனைக்குப் பிறகும் தாமஸ் ஜெஃபர்சன் அந்தக் கவிதைகள் விமர்சிக்கும் தகுதிகூட இல்லாதவை என்று எழுதினார்.

டக்ளஸின் 1845 நூலுக்கு முன்னால் வில்லியம் லாயிட் கேரிசன், வெண்டல் ஃபிலிப்ஸ் என்ற இரண்டு வெள்ளை அடிமை எதிர்ப்பாளர்களின் எழுத்து நிற்கிறது. இருவரும் அவருக்கு உண்மையாகவே உதவியவர்கள். ஆனாலும் அந்த வட்டத்தில், நடந்ததை மட்டும் நீ சொல், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று தனக்குச் சொல்லப்பட்டதாகப் பத்தாண்டு கழித்து எழுதிய இரண்டாம் தன்வரலாற்றில் டக்ளஸ் குறிப்பிடுகிறார். அந்த 1855 நூலின் முன்னுரையை எழுதியவர் ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித் என்ற கறுப்பின மருத்துவர். இரண்டு முன்னுரைகளையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். டக்ளஸ் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்பது அதிலேயே தெரியும்.

அடிமைகளின் வரலாறு என்றால் ஆண்கள் எழுதியதே பாடத்தில் வருகிறது. பெண்கள் எழுதவில்லையா?

எழுதினார்கள். நம்பத்தான் நூறாண்டுக்கு மேல் ஆனது. ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861-ல் லிண்டா பிரெண்ட் என்ற புனைபெயரில் தன் கதையை வெளியிட்டார். லிடியா மரியா சைல்ட் என்ற வெள்ளை எழுத்தாளர் பதிப்பித்ததால், கதையையே அவர்தான் கட்டினார் என்று பலர் நினைத்துவிட்டார்கள். 1980-களில் ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் கடிதங்களையும் ஆவணங்களையும் தேடி எடுத்து, ஜேக்கப்ஸ் எழுதியதே என்று நிறுவினார்.

எஜமானின் பாலியல் தொல்லையிலிருந்து தப்ப, பாட்டி வீட்டுக் கூரைக்கும் உத்தரத்துக்கும் இடையில் நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு பொந்தில் ஏறக்குறைய ஏழு ஆண்டு ஒளிந்திருந்தவர் அவர். அங்கிருந்தே கடிதம் எழுதி, வடக்கிலிருந்து தபாலில் வருமாறு ஏற்பாடு செய்தார். எஜமான் அவரை நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் தேட வேண்டும் என்பதே நோக்கம். கடிதம் வந்தது. எஜமான் அதை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் வந்து, எழுதியிருப்பதை மாற்றி, அவள் மன்னிப்புக் கேட்டுத் திரும்பிவரத் துடிப்பதாக வாசித்துக் காட்டினார். அருகிலேயே ஒளிந்திருந்தபடி, தான் எழுதாத தன் கடிதத்தைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார் ஜேக்கப்ஸ். அமெரிக்க இலக்கியத்தில் அதிகாரம் பற்றி ஒரே ஒரு காட்சியைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

'அங்கிள் டாம்ஸ் கேபின்' அடிமை முறைக்கு எதிராக எழுதப்பட்ட நாவல். அதைப் போய் ஏன் குறை சொல்கிறார்கள்?

ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் அந்த நாவல் 1852-ல் நூலாக வந்து, முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் மூன்று லட்சம் பிரதிகள் விற்றது. அது செய்த நல்லதை யாரும் மறுக்க முடியாது. டாம் என்ற பாத்திரத்துக்கும் அநியாயம் நடந்திருக்கிறது. வெள்ளையருக்குக் கும்பிடு போடுகிறவரை "அங்கிள் டாம்" என்று இன்று திட்டுகிறார்கள். நாவலின் டாம் தப்பியோடிய இரண்டு பெண்களைக் காட்டிக்கொடுக்க மறுத்து அடிபட்டுச் சாகிறவர். கூனிக்குறுகும் டாமை நாடக மேடைகள் உருவாக்கின.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நாவலில் கறுப்பர் ஒருவர் மதிக்கப்பட வேண்டும் என்றால் ஒன்று டாமைப் போலப் புனிதராகிச் சாக வேண்டும், அல்லது ஜார்ஜ் ஹாரிஸைப் போலக் கடைசியில் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குக் கப்பலேற வேண்டும். அமெரிக்காவில் சமமாக வாழும் கறுப்பருக்கு அதில் இடமில்லை. கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1949-ல் எழுதிய கட்டுரையில் இந்தக் கருணையையே சந்தேகித்தார்.

நூலுக்கு வெளியே நடந்தது இன்னும் சங்கடமானது. தன் கதையை எழுத உதவுவாரா என்று ஒரு தோழி மூலமாக ஸ்டோவைக் கேட்டார் ஜேக்கப்ஸ். ஸ்டோவோ, இது உண்மையா என்று விசாரித்து அந்தக் கடிதத்தை ஜேக்கப்ஸ் வேலை செய்த வீட்டு அம்மாவுக்கே அனுப்பிவிட்டார். உண்மை என்றால் தன்னுடைய அடுத்த புத்தகத்தில் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அந்த வீட்டில் ஜேக்கப்ஸ் அதுவரை வாய்திறந்து சொல்லாத விஷயங்கள் அவை. மனம் புண்பட்ட ஜேக்கப்ஸ், தானே எழுதுவது என்று முடிவெடுத்தார்.

'ஹக்கிள்பெரி ஃபின்' இனவெறிக்கு எதிரான நாவலா, இனவெறி நாவலா? தேர்வில் எதை எழுதுவது?

தேர்வைப் பற்றி எனக்குத் தெரியாது. நாவலில் இரண்டுமே இருக்கின்றன, ஏறக்குறைய அத்தியாய எண் சொல்லிப் பிரிக்கலாம். 31-ஆம் அத்தியாயத்தில் தப்பியோடிய அடிமை ஜிம் இருக்குமிடத்தைச் சொல்லி, அவன் எஜமானி மிஸ் வாட்சனுக்குச் சிறுவன் ஹக் கடிதம் எழுதுகிறான். பிறகு, நரகத்துக்கே போனாலும் போகிறேன் என்று கிழித்துப் போடுகிறான். மார்க் ட்வெய்ன் அதைவிட உயரமாக எதையும் எழுதவில்லை என்பது என் கருத்து.

அடுத்து ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்து சேர்கிறான், நாவல் சரிகிறது. கொட்டகையில் அடைபட்ட ஜிம்மைக் கதைப்புத்தகங்களில் வருகிற மாதிரி விடுவிக்க வேண்டும் என்று பாம்பும் எலியும் பிடித்து உள்ளே விடுகிறான். சட்டைத் துணியில் இரத்தத்தால் நாட்குறிப்பு எழுதச் சொல்கிறான். ஜிம்முக்கு எழுதத் தெரியாது. இத்தனை கூத்தும் முடிந்த பிறகுதான், மிஸ் வாட்சன் இரண்டு மாதம் முன்பே இறந்துவிட்டாள், உயிலில் ஜிம்மை விடுதலை செய்துவிட்டாள் என்று தெரிகிறது. டாமுக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும். பொறுமையான கைதியாக இருந்ததற்கு ஜிம்முக்கு நாற்பது டாலர் கொடுக்கிறான். முன்னொரு கட்டத்தில் எண்ணூறு டாலர் விலை பேசப்பட்ட மனிதன் அவன்.

அந்தக் கடைசி அத்தியாயங்கள் ட்வெய்னின் சறுக்கலா, அடிமை முறை ஒழிந்த பிறகும் கறுப்பரின் விடுதலையை வெள்ளையர் விளையாட்டாக்கியதன் மீதான கிண்டலா என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. 1885-ல் வந்த நாவல் அது. கிண்டல் என்று வாசிக்க இடமிருக்கிறது. ஆனால் கிண்டலுக்கான விலையையும் ஜிம்மே கொடுக்கிறான்.

பார்த்தால் வெள்ளையராகத் தெரிகிறவரை எப்படிக் கறுப்பர் என்கிறார்கள்?

சட்டம் சொன்னால் கறுப்பர்தான். 1896-ல் உச்ச நீதிமன்றம் "தனித்தனி, ஆனால் சமம்" என்று ரயில் பெட்டிகளைப் பிரித்ததை ஏற்ற வழக்கில், வழக்காடிய ஹோமர் பிளெசி எட்டில் ஏழு பங்கு வெள்ளையர். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் ட்வெய்ன் 'புடன்ஹெட் வில்சன்' எழுதிவிட்டார். அதில் ராக்ஸி என்ற அடிமைத் தாய் பதினாறில் ஒரு பங்கே கறுப்பு. தன் குழந்தையையும் எஜமானின் குழந்தையையும் தொட்டில் மாற்றிவிடுகிறாள், யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. எஜமானாகவே வளர்ந்த அவள் மகன் கடைசியில் கொலைக் குற்றத்தில் சிக்கி உண்மை வெளிப்படும்போது, கடன்காரர்கள் வருகிறார்கள்: இவன் அடிமை என்றால் எங்களுக்குச் சேர வேண்டிய சொத்து, சிறையில் அடைத்தால் நஷ்டம் எங்களுக்குத்தானே? ஆளுநர் உடனே மன்னிப்பு வழங்குகிறார், கடன்காரர்கள் அவனை விற்றுவிடுகிறார்கள். ட்வெய்னின் கசப்பு இதில் முழுசாக இறங்கியிருக்கிறது.

நெல்லா லார்சனின் 'பாஸிங்' (1929) இதே கோட்டை வீட்டுக்குள் வரைகிறது. கிளேர் வெள்ளைப் பெண்ணாகவே வாழ்கிறாள், கறுப்பரை வெறுக்கும் கணவனுக்கு எதுவும் தெரியாது. சின்ன நாவல், ஒரே மூச்சில் படிக்கலாம்.

1865-ல் அடிமை முறையை ஒழித்துவிட்டார்கள். பிறகும் ஏன் அதே புலம்பல்?

ஒழித்த அந்த 13-ஆம் திருத்தமே குற்றத்துக்கான தண்டனையாகக் கட்டாய உழைப்பு வாங்கலாம் என்று விதிவிலக்கு வைத்திருக்கிறது. பின்னால் வந்தவை தெரிந்தவையே: தனிப்பெட்டி, தனிப்பள்ளி, வாக்குரிமைப் பறிப்பு, கும்பல் கொலைகள்.

இலக்கியத்தில் பார்க்க வேண்டுமென்றால் ரிச்சர்ட் ரைட்டின் 'பிளாக் பாய்' (1945) போதும். மெம்ஃபிஸ் நகர நூலகத்தில் கறுப்பர் தனக்காகப் புத்தகம் எடுக்க முடியாது. வெள்ளையருக்காக எடுத்துப் போகலாம். உடன் வேலை செய்த ஒரு வெள்ளையரின் அட்டையை வாங்கிக்கொண்டு, இந்தப் பையனிடம் மென்கனின் புத்தகங்களைக் கொடுத்தனுப்பவும் என்று அவர் எழுதினாற்போல ஒரு சீட்டுத் தயாரிக்கிறார் ரைட். நம்புவதற்காகத் தன்னைப் பற்றிய வசைச்சொல்லையும் அதில் தானே எழுதிக்கொள்கிறார். டக்ளஸ் போலிச் சீட்டு எழுதி ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு கழித்து நடந்தது இது.

'நேட்டிவ் சன்' நாவலில் பிகர் கொலைகாரன். அவன்மேல் இரக்கப்படச் சொல்கிறாரா ரைட்?

இல்லை. இரக்கப்பட்டு அழுதுவிட்டு நகர்ந்துவிட முடியாத ஒரு பாத்திரத்தை எழுத வேண்டும் என்றே 1940-ல் இந்த நாவலை எழுதினார். பிகர் இரண்டு பெண்களைக் கொல்கிறான். இரண்டாவது, அவன் காதலி பெஸ்ஸி, கறுப்பினப் பெண். நீதிமன்றத்தில் அவள் உடல் வெள்ளைப் பெண்ணின் கொலைக்கான சான்றுப் பொருளாக மட்டுமே பயன்படுகிறது.

என் கவனம் எப்போதும் டால்ட்டன் மேல்தான் போகும். பிகருக்கு ஓட்டுநர் வேலை கொடுத்த கோடீஸ்வரர், கறுப்பர் நலனுக்கு நன்கொடை தருகிறவர். எலி ஓடும் ஒற்றை அறையில் பிகர் குடும்பம் வாடகைக்கு இருக்கிறதே, அந்தக் கட்டடமும் அவருடைய நிறுவனத்துடையதே. வேறு பகுதிகளில் கறுப்பருக்கு வீடு கொடுப்பதில்லை, அது வழக்கம் என்கிறார். சிறுவர் மன்றத்துக்கு மேசைப்பந்து மேசை வாங்கித் தந்திருக்கிறார். சிகாகோவில் இந்த "வழக்கம்" வீட்டுப் பத்திரங்களிலேயே எழுதப்பட்டிருந்தது. அதை எதிர்த்து கார்ல் ஹான்ஸ்பெரி நடத்திய வழக்கு 1940-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் மகள் லொரெய்ன் 1959-ல் எழுதிய 'எ ரெய்சின் இன் த சன்' நாடகத்தில், குடிவராமல் இருக்கப் பணம் தருகிறோம் என்று ஒருவர் பணிவாகப் பேச வருகிறார். குரலை உயர்த்துவதே இல்லை.

இன்னொரு விஷயம். பிகர் எழுதும் மிரட்டல் கடிதத்தைப் படித்த வெள்ளையர்கள், கறுப்பன் ஒருவனுக்கு இவ்வளவு யோசனை வராது என்று கம்யூனிஸ்டுகளைத் தேடுகிறார்கள். ஃபிலிஸ் வீட்லிக்கு 18 கையெழுத்து கேட்ட அதே அவநம்பிக்கை, இங்கே பிகருக்குச் சில மணி நேரம் அவகாசம் வாங்கித் தருகிறது.

எழுதிப் புகழ் பெற்ற பிறகாவது அவர்கள் சுதந்திரமாக இருந்தார்களா?

பணம் யாரிடம் இருந்தது என்று பாருங்கள். நியூயார்க்கில் கறுப்பர் கலையும் இலக்கியமும் செழித்த ஹார்லெம் மறுமலர்ச்சிக் காலத்தில் ஜோரா நீல் ஹர்ஸ்டனுக்கு மாதம் 200 டாலர் கொடுத்தவர் ஷார்லட் ஆஸ்குட் மேசன் என்ற செல்வந்தர். 1927-ல் போட்ட ஒப்பந்தப்படி, தெற்கில் ஹர்ஸ்டன் சேகரிக்கும் நாட்டுப்புறக் கதைகளும் பாடல்களும் மேசனுக்குச் சொந்தம். அவர் அனுமதியில்லாமல் யாரிடமும் காட்டக்கூடாது. சொந்த ஊர்க்காரர்கள் சொன்ன கதைகளுக்கு வாடகைக்காரர் ஆனார் ஹர்ஸ்டன். கடைசி அடிமைக் கப்பல்களில் ஒன்றில் வந்து உயிரோடிருந்த முதியவர் ஒருவரின் கதையை அவர் வாய்மொழியிலேயே எழுதியபோது, திருத்தமான ஆங்கிலத்தில் மாற்றித் தரச் சொன்னது பதிப்பகம். ஹர்ஸ்டன் மறுத்தார். 'பாரக்கூன்' என்ற அந்த நூல் 2018-ல்தான் வந்தது. அவர் இறந்தது 1960-ல்.

ரைட்டுக்கும் தப்பவில்லை. மாதம் ஒரு புத்தகத்தைத் தேர்ந்து லட்சக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பும் புத்தகக் கழகம், 'நேட்டிவ் சன்' நாவலில் சில பகுதிகளை மாற்றச் சொன்னது. 'பிளாக் பாய்' நூலின் இரண்டாம் பாதியையே, அதாவது தெற்கைவிட்டு சிகாகோ வந்தும் விடிவில்லை என்று சொல்லும் பாதியை, விடச் சொன்னது. தெற்கு கெட்டது என்று படிக்க வடக்கத்தி வாசகருக்குச் சிரமமில்லை. விடுபட்ட பகுதிகள் சேர்ந்த பதிப்பு வர 1991 ஆனது.

'இன்விசிபிள் மேன்' கதாநாயகனை ஏமாற்றுகிறவர்களில் கறுப்பரும் இருக்கிறார்களே?

ரால்ஃப் எலிசன் 1952-லேயே அந்த வசதியான பிரிவினையைக் கலைத்துவிட்டார். கல்லூரித் தலைவர் பிளெட்சோ கறுப்பர். வெள்ளையர் முன் குனிவதும் கறுப்பர் மேல் ஏறி உட்காருவதும் அவருக்கு ஒரே தொழிலின் இரண்டு பக்கங்கள். கதாநாயகனை வெளியேற்றும்போது சிபாரிசுக் கடிதங்கள் என்று முத்திரையிட்ட உறைகளைக் கொடுக்கிறார். திறந்து பார்க்கக்கூடாது. நியூயார்க் முழுக்க அதைச் சுமந்து அலைந்த பிறகு, இவனுக்கு வேலை கொடுக்காதீர்கள், நம்பிக்கையை மட்டும் விட்டுவையுங்கள் என்ற பொருளில் எழுதியிருப்பது தெரிகிறது.

முடிவில் பாதாளக் குழிக்குள் விழுந்தவன், வெளிச்சத்துக்காகக் கைப்பெட்டியில் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகக் கொளுத்துகிறான். பள்ளிச் சான்றிதழ் எரிகிறது. நியூயார்க்கில் அவன் சேர்ந்த அரசியல் இயக்கம் தனக்குச் சூட்டிய பெயர் எழுதிய துண்டும், தன்னை மிரட்டி வந்த அநாமதேயக் கடிதமும் எரியும்போதுதான் இரண்டும் ஒரே கையெழுத்து என்று கண்டுகொள்கிறான். நாவலைப் படித்தவர்கள் பலர் பெயின்ட் தொழிற்சாலைக் காட்சியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்தத் தீயைத் தவற விடாதீர்கள்.

'டு கில் எ மாக்கிங்பர்ட்' நல்ல நாவல் இல்லையா?

அழகான நாவல், சிறுமியின் குரல் இன்றும் இனிக்கிறது. ஆனால் வழக்கு, பொய்க் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பரான டாம் ராபின்சனுடையது, வளர்ச்சியெல்லாம் வழக்கறிஞரின் பிள்ளைகளுக்கு. டாம் வீட்டில் இரவு என்ன பேசினார்கள் என்று ஹார்ப்பர் லீ ஒரு பக்கம்கூடக் காட்டுவதில்லை. இதைச் சொன்னால் நாவலைத் தூக்கி எறியச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'பிலவட்' நாவலில் தாயே குழந்தையைக் கொல்கிறாள். அதை எப்படி நியாயப்படுத்துவது?

டோனி மாரிசன் நியாயப்படுத்தவில்லை. அந்தக் கேள்வியோடு வீட்டில் வாழ வைக்கிறார். மூலச் சம்பவம் 1856-ல் நடந்தது. கென்டக்கியிலிருந்து உறைந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டிக்குத் தப்பிய மார்கரெட் கார்னர், பிடிக்க வந்தபோது இரண்டு வயது மகளைக் கொன்றார். வழக்கில் எழுந்த கேள்வி விசித்திரமானது. கொலைக்கு விசாரித்தால் அவர் ஒரு மனிதர், தன் செயலுக்குப் பொறுப்பானவர் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி பார்த்தால் அவர் திரும்ப ஒப்படைக்க வேண்டிய சொத்து. சொத்து என்றே முடிவானது, திருப்பி அனுப்பினார்கள். மாரிசன் இந்தச் செய்தியை ராண்டம் ஹவுஸில் பதிப்பாசிரியராக இருந்தபோது ஒரு தொகுப்பு நூலுக்கு வேலை செய்கையில் படித்தார்.

1987-ல் வந்த நாவலில், பண்ணையை நடத்தும் பள்ளி ஆசிரியர் தன் மருமக்களுக்குப் பாடம் நடத்துகிறார்: அந்தத் தாய் செத்தேயின் மனிதக் குணங்களை ஒரு பக்கம் எழுதுங்கள், மிருகக் குணங்களை மறுபக்கம். தற்செயலாகக் கேட்டுவிடுகிறாள் செத்தே. தப்பி ஓடுவதற்கும் பின்னால் கத்தியை எடுப்பதற்கும் அந்த இரண்டு பத்திகளும் காரணம். அவர் எழுதிய மையைக் காய்ச்சித் தந்தது அவளேதான். பிற்காலத்தில் அவள் மனம் அங்கேயே திரும்பத் திரும்பப் போய் நிற்கிறது: நான் மை செய்து தராமல் இருந்திருந்தால் அவர் எழுதியிருக்க முடியாதே.

கறுப்பர்களே அடிமைகளை வைத்திருந்தார்களாமே? அப்படியானால் இது இனப் பிரச்சினை என்று எப்படிச் சொல்வது?

இதைக் கேட்பவர்கள் சிலர் நிஜமாகவே குழம்பியவர்கள், சிலர் மடக்கிவிட்டதாக நினைப்பவர்கள். இரு தரப்புக்கும் எட்வர்ட் பி. ஜோன்ஸின் 'த நோன் வேர்ல்ட்' (2003) நாவலைக் கொடுப்பேன். வைத்திருந்தார்கள், உண்மை. எண்ணிக்கையில் மிகக் குறைவு. அவர்களில் பலர் வாங்கியது சொந்த மனைவி மக்களை. வர்ஜீனியாவில் 1806 முதல், விடுதலை பெற்றவர் ஓராண்டில் மாநிலத்தை விட்டுப் போக வேண்டும் என்று சட்டம் இருந்ததால், மகனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள அவனைத் தன் பெயரில் அடிமையாகவே வைத்திருக்க வேண்டிய கொடுமையும் இருந்தது.

நாவலின் ஹென்றி டவுன்செண்ட் அப்படியல்ல. முன்னாள் எஜமானைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அடிமைகளை வைத்துப் பண்ணை நடத்தும் கறுப்பர். அவர் தந்தை அகஸ்டஸ் உழைத்துச் சேர்த்த பணத்தில் குடும்பத்தையே மீட்டவர். ஒருநாள் இரவு ரோந்துக்காரர்கள் அகஸ்டஸை நிறுத்துகிறார்கள். விடுதலைப் பத்திரத்தை எடுத்து நீட்டுகிறார். டிராவிஸ் என்ற ரோந்துக்காரன் வாங்கிப் பார்த்து, அதைத் தின்றுவிடுகிறான். அகஸ்டஸ் விற்கப்படுகிறார். டக்ளஸின் நண்பர் தின்றது உயிர் தப்ப. இவன் தின்பதோ இன்னொருவர் உயிரை. மகன் எத்தனை பேருக்கு எஜமானாக இருந்து என்ன? ஒரு கறுப்பரின் சுதந்திரம் ஒரு வெள்ளையனின் வாய்க்குள் போகிற அளவே இருந்தது.

இந்த அதிகாரக் கதை கறுப்பருக்கு மட்டும்தானா? மற்றவர்கள்?

இல்லை, இங்கே இடம் குறைவு. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளியில் சேர்த்து முடி வெட்டியதை 1900-ல் எழுதினார் ஜிட்காலா-ஷா. 1942-ல் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேரை முகாம்களில் அடைத்த அரசு, பிறகு ஒரு படிவம் நீட்டி விசுவாசத்தைக் கேட்டது. இரண்டு கேள்விக்கு "இல்லை, இல்லை" என்று எழுதிய இளைஞனின் கதை ஜான் ஒகாடாவின் 'நோ-நோ பாய்' (1957). அச்சிட்ட 1,500 பிரதிகளே விற்கவில்லை. 1971-ல் அவர் இறந்த பிறகுதான் இளைய எழுத்தாளர்கள் அதைத் தேடி எடுத்தார்கள்.

இதுவும் நம் சாதியும் ஒன்றுதானே?

ஒன்று என்று சொல்லிவிட்டால் இரண்டையும் படிக்க வேண்டியதில்லை என்றாகிவிடும். ஆனால் உறவு பழையது. ஜோதிராவ் பூலே 1873-ல் தன் 'குலாம்கிரி' நூலை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-ல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பர் அளிக்கவிருந்த மனுவின் பிரதியைக் கேட்டார். டுபோய்ஸ் பதிலும் எழுதினார். ஒப்பிட விரும்புகிறவர்கள் அந்த இருவர் கடிதம் எழுதிக்கொண்ட நிதானத்தோடு ஒப்பிடலாம்.

வெள்ளை எழுத்தாளர் கறுப்பர் கதையை எழுதவே கூடாதா? கற்பனைக்குத் தடையா?

யாரும் யாரைப் பற்றியும் எழுதலாம், கேள்வி கேட்கப்படாது என்ற உத்தரவாதம்தான் கிடையாது. வில்லியம் ஸ்டைரன் 1967-ல், அடிமைக் கிளர்ச்சித் தலைவர் நேட் டர்னரின் குரலில் ஒரு நாவல் எழுதி புலிட்சர் பெற்றார். வெள்ளைப் பெண் மீதான ஏக்கத்தை டர்னரின் உள்மனமாகக் காட்டினார் என்று பத்துக் கறுப்பின எழுத்தாளர்கள் சேர்ந்து 1968-ல் மறுப்பு நூலே வெளியிட்டார்கள். நண்பரான பால்ட்வின் ஸ்டைரன் பக்கம் நின்றார். இதில் வேடிக்கை, மூல ஆவணமே டர்னர் கைப்பட எழுதியதல்ல. 1831-ல் தூக்குக்கு முன் சிறையில் அவர் சொன்னதாகத் தாமஸ் கிரே என்ற வெள்ளை வழக்கறிஞர் எழுதி அச்சிட்டது. டர்னருக்கோ எழுதப் படிக்கத் தெரியும்.

மறுதிசையிலும் எழுதலாம் என்று காட்டியது பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்' (2024). ஹக்கிள்பெரி ஃபின்னின் கதையை ஜிம்மே சொல்கிறான். இந்த ஜிம்முக்கு எழுதத் தெரியும், வெள்ளையர் முன் மட்டும் கொச்சையாகப் பேசி நடிக்கிறான். எழுத ஒரு பென்சில் வேண்டும் என்கிறான். எஜமானிடமிருந்து அதைத் திருடித் தந்த அடிமையைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள். ஜிம் மறைந்திருந்து பார்க்கிறான், பிறகு அந்தப் பென்சிலால் எழுதத் தொடங்குகிறான். ட்வெய்னை முதலில் படித்துவிட்டு இதை எடுங்கள், வரிசை மாறினால் பாதிச் சுவை போய்விடும்.